புரதமில்லாக் கூந்தல் குழு

நெட்டுக்குப்பத்துப் பெண்களுக்கு முடி ஏன் முறிகிறது என்று கண்டறிய நீலக்கரை அனல்மின் கம்பெனி ஒரு குழு அமைத்தது. ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்து ஜன்னல்கள் திறக்க வராது. உள்ளே ஏசி ஓடுகிறது, வெளியே சாம்பல் பறக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதில் கம்பெனி கண்ணும் கருத்துமாக இருந்தது.

அந்தக் குழு பிறக்கக் காரணம் மோகனப்ரியா. குப்பத்தில் மீன் விற்கும் அங்கம்மாவின் ஒரே மகள். பட்டப்படிப்பு முடித்து, கம்பெனியின் சமூக நலப் பிரிவில் மக்கள் தொடர்பு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். தற்காலிக வேலைதான். மக்கள் என்றால் குப்பத்து ஜனங்கள், தொடர்பு என்றால் அவர்கள் கேட் தாண்டி உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே புரிந்துபோனது. புரிந்தும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வேனிலும் ஏசி உண்டு.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் வெளியே வர யோசிக்கும். அம்மா அதை எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டு அடக்கிவிடுவாள். மகள் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தேறினாள். ஈர முடி ஒன்றை இழுத்துப் பார்க்க வேண்டுமாம். நீண்டு பிறகு சுருங்கினால் நல்லது. பட்டென்று அறுந்தால் முடியில் புரதம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமாம். அவளுடையது பட்டென்று அறுந்தது. அன்றிலிருந்து புரோட்டீன் இல்லாத டீப் கண்டிஷனர் தேடி அலைந்தாள். அது சாமானிய வேலையில்லை. பாட்டிலின் முன்பக்கத்தில் ஈரப்பதம், கற்றாழை, மென்மை என்று குளுகுளுவென்று எழுதியிருப்பார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கெரட்டின், கொலாஜன், பட்டுப் புரதம், கோதுமைப் புரதம் என்று ஏதாவது ஒன்று பதுங்கியிருக்கும். கடைசியில் எதுவுமே பதுங்காத ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி, கம்பெனியின் மூன்றாவது மாடிக் குளியலறையில் தலைக்குப் போட்டு அலசினாள். முடி பஞ்சு மாதிரி மென்மையாகிவிட்டது. பெயரெல்லாம் பாட்டிலுக்குப் போனது. மூன்றாவது மாடியில் வருவது வடிகட்டிய தண்ணீர் என்பதை அவள் யோசிக்கவில்லை.

குப்பத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே சீப்பில் வரும் முடியை யாரும் வீசுவதில்லை. சுருட்டி பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைப்பார்கள். ராயபுரத்திலிருந்து மொபெட்டில் வரும் அமீருதீன் அதை எடைக்கு எடுத்துக்கொண்டு பக்கெட்டும் குடமும் தருவார். சவுரி செய்கிறவர்களுக்குப் போகிற முடி அது. அந்த வருஷம் அமீருதீன் முத்தம்மாவின் பையைத் தராசில் கவிழ்த்தார். முடியோடு சாம்பலும் பொலபொலவென்று கொட்டியது. "இன்னா முத்தம்மா, சாம்பல எடை போட்டு வாங்கினு போக நா இன்னா பாத்திரம் வெளக்குறவனா?" என்றார். முடியும் துண்டு துண்டாக இருந்தது, சவுரிக்கு உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெண்கள் முதலில் சிரித்தார்கள். பக்கெட் இல்லாமல் மொபெட் கிளம்பிப் போனதும் சிரிப்பு நின்றது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய் குப்பத்தின் முதுகை ஒட்டிப் போகிறது. அதன் மூட்டு ஒன்று விட்டுப்போய் வெகுகாலமாக ஒழுகுகிறது. ஒழுகியது காயும், காய்ந்தது காற்றில் எழும்பும், எழும்பியது சோற்றிலும் தண்ணீரிலும் தலையிலும் இறங்கும். அந்த ஒரு மூட்டை அடைத்தால் போதும். இதைச் சொல்லத்தான் பெண்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முடிப்பைகளோடு போனார்கள்.

குறைதீர் கூட்டத்தில் குறை உள்ளவர்கள் தரையில் உட்கார வேண்டும், தீர்ப்பவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும். நடு நாற்காலியில் சமூக நலப் பிரிவின் துணைப் பொது மேலாளர் ஞானதுரை உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எந்தக் குறையையும் முழுதாகக் கேட்பார், கேட்டு முடித்ததும் அது வேறு துறையுடையது என்று வருத்தத்தோடு சொல்வார். அவர் மேஜை மேல் அங்கம்மா பையைக் கவிழ்த்தாள். ஞானதுரை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"மோகனப்ரியா, நீங்களும் இதே ஊர்தானே. இதுக்கு என்ன காரணம்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் விஷயம் அப்போது அவர் கையில்தான் இருந்தது. தரையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நம்ம பொண்ணு சொல்லிவிடும், அதுவும் இங்கிலீஷில் சொல்லிவிடும் என்கிற பெருமை. சாம்பல் என்று சொல்லத்தான் மோகனப்ரியா வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள்.

"புரோட்டீன் ஓவர்லோடா இருக்கலாம் சார். முடியில புரோட்டீன் ஜாஸ்தியாயிட்டா விறைச்சுப் போயி உடையும். எங்க ஊர்ல மீன் கொஞ்சம் அதிகம்."

ஞானதுரையின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குறையை இப்போதுதான் பார்க்கிறார். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கம்மா மட்டும் வழியெல்லாம், "பாத்தியா, எம்பொண்ணு இங்கிலீஷ்லயே போட்டு ஒடச்சிச்சி. இனிமே கொழாய அடச்சிடுவானுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாளாம். முத்தம்மா அதைப் பிறகு சொன்னாள்.

இப்படித்தான் புரதமிலா ஆழ்நிலைக் கூந்தல் பதனித் தேர்வுக் குழு உதித்தது. முடி முறியும் காரணத்தை உறுதிசெய்து, புரோட்டீன் இல்லாத டீப் கண்டிஷனர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. தலைவர் ஞானதுரை. உறுப்பினர்களாகக் கொதிகலன் பிரிவிலிருந்து ஒருவர், நிலக்கரிப் பிரிவிலிருந்து ஒருவர், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். மூவருக்கும் சேர்த்து ஒரு தலை முடி தேறாது. கூந்தல் ஆலோசகராகப் பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார் விமானத்தில் வந்தார். பாட்டில்களின் பின்பக்கம் படிப்பவளாக மோகனப்ரியா.

குழுவின் கொள்கை கடுமையானது. கூட்டம் நடக்கும் அறைக்குள் புரதம் நுழையக் கூடாது என்று ஞானதுரை உத்தரவிட்டார். வாசலில் பாதுகாவலர் நின்று பாட்டில்களைச் சோதித்தார். முன்பக்கம் மட்டும் நல்லபடி பேசிய பாட்டில்கள் உள்ளே வந்தன. மோகனப்ரியா பின்பக்கத்தைப் படித்து, "கோதுமைப் புரோட்டீன்" என்பாள். சட்டப் பிரிவுக்காரர் அதிர்ச்சியோடு எழுந்து அந்தப் பாட்டிலைத் தானே வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். முட்டை போட்ட பாட்டில் ஒன்று வந்தபோது அறையைத் துடைக்கச் சொன்னார்கள். இரண்டாம் கூட்டத்தில் பாலிலும் புரதம் உண்டென்று ஆலோசகர் நினைவூட்டியதால் டீயும் நின்றது. கொதிகலன்காரருக்குக் கடுங்காப்பி ஒத்துக்கொள்ளாது. அவருக்காக அடுத்த அறையில் புரதம் அனுமதிக்கப்பட்ட உபகுழு ஒன்று அமைத்தார்கள். பெரும்பாலான முடிவுகள் அங்கேதான், பிரியாணியோடு, எடுக்கப்பட்டன.

பிறகு தம்ளர் சோதனை. ஒவ்வொரு பெண்ணின் முடியையும் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்தார்கள். மிதந்தால் நல்ல முடியாம். குப்பத்து முடி எல்லாம் மூழ்கியது. சாம்பலைச் சுமந்துகொண்டு மிதக்க எந்த முடியால் முடியும்? மோகனப்ரியாவின் முடி மட்டும் ஜம்மென்று மிதந்தது. ஆலோசகர் கைதட்டினார். "அதே ரத்தம், அதே சுருள். அம்மாவுடையது மூழ்குகிறது, மகளுடையது மிதக்கிறது. வித்தியாசம் என்ன? புரதமில்லாக் கண்டிஷனர்" என்றார்.

வித்தியாசம் மூன்றாவது மாடித் தண்ணீர். அந்த நிமிஷம்தான் மோகனப்ரியாவுக்கு அது உறைத்தது. வேனில் போய் வேனில் வருகிற தலை அவளுடையது. குழாயோரமாக நடந்து போகிற தலை அம்மாவுடையது. சொல்ல அது இரண்டாவது வாய்ப்பு. துணிச்சல் முழுதாக வராமல் பாதி வந்தது. சாம்பலையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாமா என்று மெல்லக் கேட்டாள்.

ஞானதுரை மறுக்கவில்லை, அவர் எதையும் மறுப்பதில்லை. சாம்பல் ஆய்வகம் போய் வந்தது. முடிவை அவரே எழுந்து நின்று படித்தார். "நண்பர்களே, நம் சாம்பலில் புரதம் துளியும் இல்லை. கெரட்டின் இல்லை, கொலாஜன் இல்லை, முட்டை இல்லை. நாம் இதுவரை பார்த்த எந்தப் பாட்டிலும் இவ்வளவு சுத்தமாக இல்லை. நம் கொள்கைக்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிற ஒரே பொருளைக் கம்பெனி இத்தனை வருஷமாக இலவசமாகத் தந்து வந்திருக்கிறது, விளம்பரம்கூடச் செய்துகொள்ளாமல்." நிலக்கரிப் பிரிவுக்காரருக்குக் கண் கலங்கியது. சாம்பல் கௌரவத்தோடு விடுதலையானது. அதைப் பிடித்துக் கொடுக்கப் போய் விடுவித்துவிட்டு வந்தவளுக்கு ஒரு பாராட்டுக் கடிகாரம் கிடைத்தது.

குற்றவாளி மீன் என்று முடிவானதும் ஆட்டோவில் மைக் கட்டிக் குப்பம் முழுக்க அறிவித்தார்கள். நம் குப்பத்துச் செல்வி மோகனப்ரியா கண்டறிந்தபடி, மீனிலுள்ள புரதம் கூடை வழியாகத் தலையில் இறங்குகிறது, ஆகவே மீன் சுமக்கும் தாய்மார்கள் தலைக்கவசம் அணிய வேண்டும். ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் வந்தது. ஹெல்மெட் மேல் கூடை நிற்காமல் வஞ்சிரம் வழுக்கித் தெருவில் விழுந்தது. கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு ஹெல்மெட்டை மட்டும் போட்டுக்கொண்டு நடந்த சிலருக்கு முடி உடைவது உண்மையிலேயே குறைந்தது. சாம்பல் ஹெல்மெட்டில் விழுந்ததுதான் காரணம். மீன் புரதக் கொள்கைக்குக் களச் சான்று கிடைத்துவிட்டதென்று ஞானதுரை மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

மைக் சொன்ன பெயரைக் கேட்டபோதுதான் அங்கம்மாவுக்கு அன்றைய இங்கிலீஷ் விளங்கியது. திட்டியிருந்தால் மோகனப்ரியா பிழைத்திருப்பாள். சாயங்காலம் தட்டைப் போட்டு, சோறு வைத்து, சங்கரா மீன் குழம்பை ஊற்றப் போன கரண்டியை நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

"இதுல புரோட்டீன் கீது. உனுக்குப் பரவால்லியா?"

மோகனப்ரியா பரவாயில்லை என்றாள். தட்டைக் கரண்டிப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ஒருவழியாக ஒரு கண்டிஷனர் தேர்வானது. எல்லாப் பாட்டிலும் வெளியேறிய பிறகு மேஜை மேல் மிஞ்சியது அவள் முதலிலேயே வாங்கிப் போட்ட அதே பாட்டில்தான். கம்பெனிச் சின்னத்தை ஒட்டி வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். செயல்முறை விளக்கத்தை ஆலோசகர் நடத்தினார். முடியை நனைக்க வேண்டும், பகுதி பகுதியாகப் பிரித்துத் தடவ வேண்டும், மேலே உறை போட்டு அரைமணி சூட்டில் வைக்க வேண்டும், பிறகு நிறையச் சுத்தமான தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீர் லாரி வந்து நாளாகிறதே, எதில் அலசுவது என்று முத்தம்மா கேட்டாள். மிக நல்ல கேள்வி என்று ஞானதுரை பாராட்டினார். தண்ணீர் இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்றும் சொன்னார். சில பெண்கள் கடலில் போய் அலசினார்கள். மிச்சமுள்ளவர்கள் பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், தூக்கிப் போட மனசில்லாமல்.

விழாவுக்கு ஏற்பாடாயிற்று. கம்பெனியின் இயக்குநர் டெல்லியிலிருந்து வருகிறார். அவர் பார்வையில் படும்படி ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் மோகனப்ரியாவின் முகம், தோள் வரை விரிந்த சுருள் முடி, கீழே 'புரதமில்லாக் கூந்தல், கவலையில்லா வாழ்வு' என்ற வாசகம். பலகையை எங்கே நடுவது என்பதற்கு மட்டும் குழு கூடவே இல்லை. குழாய் ஒழுகுகிற மூட்டுக்கு முன்னால் நட்டார்கள். வேனிலிருந்து பார்த்தால் மூட்டு தெரியாது. மோகனப்ரியா தெரிவாள்.

மறுநாள் காலை வேனில் போகும்போது அவள் அதைப் பார்த்தாள். பலகைக்குக் கீழே அங்கம்மா நின்றிருந்தாள். மீன் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, யாரிடமோ வாங்கிய ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் மகளின் முகத்தில் படிந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னம், மூக்கு, பிறகு எட்டிய மட்டும் நெற்றி. அதற்கடுத்த நாளும் துடைத்தாள். வேன் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மோகனப்ரியா செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் தாங்க முடியாமல் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"நீ ஏம்மா இத்த செஞ்சினு கீற?"

"ஊரே பாத்துகினு போவுது. எம்பொண்ணு மூஞ்சி கலீஜா இருந்தா எனுக்கு நல்லாவா இருக்கும்?" என்றாள் அங்கம்மா. சொல்லிவிட்டு மூக்கோரத்தில் விட்டுப்போன இடத்தைத் துடைத்தாள்.

மோகனப்ரியா ஸ்டூலருகே போனாள். அம்மாவின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். "தொடைக்காதம்மா. அப்டியே கெடக்கட்டும். அவுங்களே வந்து பாக்கட்டும்" என்றாள். அங்கம்மா கீழே இறங்கினாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விழா நாளன்று இயக்குநரின் கார் வரிசை குழாயோரமாக வந்தது. பொன்னாடை, பூங்கொத்து, நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. இயக்குநர் இறங்கிப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். முகம் சாம்பல் நிறத்தில் வெளுத்து, கண் மங்கி, தலைமுடி இருந்த இடத்தில் மேலிருந்து கீழாகச் சாம்பல் கோடுகள் வழிந்திருந்தன. யார் இந்த வயதான அம்மா என்று கேட்டார்.

ஞானதுரை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "இது பயன்படுத்துவதற்கு முன் எடுத்த படம் சார். பின் எடுத்த படம் அச்சில் இருக்கிறது" என்றார்.

மோகனப்ரியா பூத்தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எதிரே மஞ்சள் ஹெல்மெட்டுகளோடு குப்பத்துப் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அது நான்தான் சார். அது மேல இருக்கிறது சாம்பல். பலகைக்குப் பின்னாடி குழாய் ஒழுகுது. முடி உடையறதும் அதனாலதான், மீனால இல்ல. அன்னைக்குக் கேட்டப்போ வேலை போயிடும்னு பயந்து பொய் சொன்னேன்."

நாதஸ்வரம் நின்றுவிட்டது. இயக்குநர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மைக்கை வாங்கினார். "இந்த நேர்மையைத்தான் கம்பெனி வளர்க்க விரும்புகிறது. களத்திலிருந்து வந்த இந்தத் தகவலை நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். பலகை அழுக்காகிறது. இதை அனுமதிக்க முடியாது. இன்று முதல் பலகையைத் தினமும் துடைக்க ஒரு பணியிடம் உருவாக்கப்படுகிறது. சாம்பலைத் தாங்கும் புரதமில்லாக் கண்டிஷனரைத் தேர்வு செய்ய இரண்டாம் கட்டக் குழுவும் அமைக்கப்படுகிறது" என்றார். முன்வரிசை நாற்காலிகள் பலமாகக் கைதட்டின. பலகையைத் துடைத்து ஏற்கெனவே அனுபவம் உள்ள ஒரு தாய் இங்கே இருப்பதாக ஞானதுரை அவர் காதில் சொன்னார். அந்த இடத்திலேயே அங்கம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலை என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அங்கம்மா மேடை ஏறவில்லை. இருந்த இடத்தில் எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். சுருட்டை முடி அங்கங்கே அறுந்து குட்டையாக நின்றது.

"எம்பொண்ணு மூஞ்ச தொடைக்கிறதுக்கு எனுக்கு இன்னாத்துக்கு சார் சம்பளம்? அந்தக் கொழாய அடைங்க."

குழாய் பராமரிப்பு வேறு துறை என்று ஞானதுரை வருத்தத்தோடு சொன்னார். கூட்டம் தேசிய கீதத்தோடு நிறைவடைந்தது.

அன்று மாலை கேட்டில் மகளின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வேன் ஏற்றிக்கொள்ளவில்லை. மோகனப்ரியா குழாயோரமாக நடந்தே வந்தாள். குப்பத்துக்குள் நுழையும்போது கண் எரிந்தது, பல்லில் மணல் மாதிரி கரகரத்தது. அம்மா இந்த வழியில்தான் தினமும் நடக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாததா என்ன. தெரிந்துதான் வேனில் ஏறினாள்.

அங்கம்மா வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மகள் எதிரே வந்து நின்று, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். அங்கம்மா மறுக்கவில்லை. ஆமாம், சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். கன்னம், மூக்கு, நெற்றி. முந்தானை சாம்பலாகிவிட்டது. அதை உதறிக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கெழம கூட்டத்துக்கு வந்து மறுக்கா சொல்லு. தரையில உனுக்கும் எடம் போட்டு வெக்கிறேன்."